தாழ்ந்த கார், உயர்ந்த வேகத்தடை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைத் தொடர்ந்து வந்த கடிதங்களில், போர்ஷே நிறுவனத்தின் இரு இருக்கைக் கார்களான பாக்ஸ்டர், கேமன் பற்றியவையே அதிகம். நான் 2013ஆம் ஆண்டில் தயாரான பாக்ஸ்டர் ஒன்றைப் பல ஆண்டுகளாகச் சென்னையில் ஓட்டி வருகிறேன். இதே வகைக் கார்களை நெடுநாள் வைத்திருக்கும் நண்பர்கள் சிலரிடமும் கேட்டு, என் அனுபவத்துடன் ஒத்துப்போனவற்றை மட்டும் இங்கே பதிலாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஆறு மாதங்களுக்கு முன் 2014ஆம் ஆண்டு பாக்ஸ்டர் ஒன்று வாங்கினேன். கிலோமீட்டர் ஏறினால் மறுவிற்பனை விலை குறையும் என்பதால் மாதம் ஒரு முறைதான் வெளியே எடுக்கிறேன். வாரம் ஒரு முறை வாசலிலேயே பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்துவிடுகிறேன். இது போதுமா? (வாசகர், அண்ணா நகர், சென்னை)

பதில்: போதாது என்பது மட்டுமல்ல, அந்தப் பத்து நிமிடம் காருக்குத் தீங்கு செய்கிறது என்றே சொல்வேன். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது தேவைக்கும் சற்று அதிகமாகவே பெட்ரோலைப் பெறுகிறது. அதில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கிறது. எரிதலின்போது உண்டாகும் நீராவியும் குளிர்ந்த உலோகத்தில் படிந்து ஆயிலிலும் சைலன்சரிலும் தங்குகிறது. இவை இரண்டும் ஆவியாகி வெளியேற வேண்டுமானால் ஆயில் நன்றாகச் சூடாகி, அந்தச் சூட்டிலேயே சிறிது நேரம் ஓட வேண்டும். வாசலில் நின்றபடி ஓடும் இன்ஜின் பத்து நிமிடத்தில் அந்த நிலையை எட்டாது. எனவே வாராவாரம் ஆயிலில் பெட்ரோலையும் நீரையும் சேர்த்துக்கொண்டே வருகிறீர்கள்.

உங்கள் காரின் முகப்பில் ஆயில் வெப்பநிலையைத் தனியாகக் காட்டும் வசதி இருக்கிறது. அதைப் பார்த்து ஓட்டப் பழகிக்கொள்ளுங்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்மமான கூலன்ட்டின் வெப்பநிலை முள் சில நிமிடங்களிலேயே 90 டிகிரியைத் தொட்டு நின்றுவிடும், ஆனால் ஆயில் அதற்கு வெகு பின்னால்தான் வரும். ஆயில் 80 டிகிரியைத் தாண்டும்வரை இன்ஜின் சுற்றை நிமிடத்துக்கு 3,000க்குள் வைத்திருப்பது என் வழக்கம். அதற்காக நின்ற இடத்தில் சூடேற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். ஸ்டார்ட் செய்த அரை நிமிடத்தில் கிளம்பி மென்மையாக ஓட்டினால், இன்ஜினோடு கியர்பாக்ஸ், டயர், சஸ்பென்ஷன் எல்லாமே சேர்ந்து சூடாகும்.

வாரம் ஒரு முறை, முடியாவிட்டால் பத்து நாளைக்கு ஒரு முறை, நாற்பது நிமிடத்துக்குக் குறையாத ஓட்டம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம்வரை சென்று திரும்பினால் அதற்கே சரியாக இருக்கும். நிற்கும் காரில் பேட்டரி இறங்குகிறது. டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகிறது. பிரேக் டிஸ்க்கில் துரு படிகிறது. ரப்பர் சீல்கள் காய்கின்றன. எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் நின்றிருந்த நண்பர் ஒருவரின் காரில் எலி வயரைக் கடித்ததைச் சரிசெய்ய ஆன செலவில், அவர் இரண்டு ஆண்டுகளுக்குப் பெட்ரோல் போட்டிருக்கலாம். மறுவிற்பனை விலையைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். விவரமறிந்த எவரும், பத்து ஆண்டுகளில் எட்டாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடிய காரைவிட, நாற்பதாயிரம் ஓடி ஆண்டுதோறும் சர்வீஸ் ரசீது உள்ள காரையே விரும்பி வாங்குவார்.

ஓட்டம் குறைவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை ஆயில் மாற்றுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகுள்ள வரம்போ 155 டிகிரிதான். நம் கடலோர ஊர்களின் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை.

கேள்வி: எங்கள் தெருவில் மட்டும் ஐந்து வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் காரின் அடிப்பாகம் உரசுகிறது. ஸ்பிரிங்கை மாற்றிக் காரை உயர்த்திவிடலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உயர்த்தும் முன் தெருவில் இறங்கி அந்த வேகத்தடைகளை ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள். சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறைப்படி அமைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட, 17 மீட்டர் ஆரமுள்ள மென்மையான வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்காகக் கணக்கிடப்பட்டது அது. உங்கள் கார் 2012க்குப் பின் வந்ததாக இருந்தால், முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2,475 மில்லிமீட்டர் இருக்கும். நான்கு சக்கரங்களும் அந்த வளைவின் மேலேயே நிற்கும்போது, சக்கரங்களை இணைக்கும் கோட்டுக்கு மேல் வளைவு எழும்பும் உயரம் ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டர்தான். பாக்ஸ்டர் அதை உரசாமல் தாண்டிவிடும். நம் தெருக்களில் இருப்பதோ பெரும்பாலும் அரை மீட்டர் அகலத்தில் தாரைக் குவித்துவைத்த வரப்பு. அதன் மேல் வரும்போது சக்கரங்கள் இரு பக்கமும் சமதரையில் நிற்க, பத்து சென்டிமீட்டரும் அப்படியே காரின் வயிற்றுக்கு நேராக வந்து நிற்கிறது. குறை காரின் உயரத்தில் இல்லை. வேகத்தடையின் அகலத்தில் இருக்கிறது. அளவுகளைக் குறித்து மாநகராட்சிக்கு மனு எழுதுங்கள். அந்த வரப்பு இரு சக்கர வாகனத்தில் குழந்தையோடு செல்பவருக்கும், ஆம்புலன்ஸில் படுத்திருப்பவருக்கும் உங்களைவிட அதிகமாகத் தீங்கு செய்கிறது.

ஸ்பிரிங்கை மாற்ற வேண்டாம். இன்ஜின் நடுவில் அமைந்த இந்தக் காரின் அழகே எடை தரையை ஒட்டித் தாழ்ந்திருப்பதுதான். மூன்று சென்டிமீட்டர் உயர்த்தினாலும் சக்கரங்களின் சாய்கோணம் மாறி, வளைவில் காரின் நடத்தையே வேறாகிவிடும். அதற்குப் பதிலாகக் கடக்கும் முறையை மாற்றலாம். பலரும் செய்யும் தவறு, வேகத்தடையின் மேல் ஏறும் நொடிவரை பிரேக்கை அழுத்திக்கொண்டிருப்பது. பிரேக் பிடிக்கும்போது காரின் மூக்கு தாழ்கிறது. மிகவும் தேவையான நேரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டரை நாமே இழக்கிறோம். வேகத்தடைக்கு ஒரு கார் நீளம் முன்பே நடக்கும் வேகத்துக்குக் குறைத்துவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, மூக்கு நிமிர்ந்த பின் ஏறுங்கள். எதிரிலும் பின்னாலும் வண்டி இல்லையென்று உறுதி செய்துகொண்டு குறுக்குச்சாய்வாக, ஒரு சக்கரத்தின் பின் ஒரு சக்கரமாக ஏற்றினால் இன்னும் நல்லது. பக்கத்து இருக்கையில் ஆள் இருந்தால், மிக மோசமான வேகத்தடைக்கு முன் அவரை இறங்கச் சொல்ல நான் தயங்கியதில்லை. முன்பக்க பம்பரின் கீழே உள்ள கறுப்பு ரப்பர் உதடு உரசுவதற்கென்றே வைக்கப்பட்டது. அது தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், அந்தச் சத்தத்துக்காகப் பதற வேண்டியதில்லை. அடித்தட்டு உரசும் சத்தம் மட்டும் அப்படியல்ல. அதைக் கேட்ட அன்றே காரை லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் தினமும் ஒன்றரை மணி நேரம் ஊர்கிறேன். பி.டி.கே. கியர்பாக்ஸ் தாங்குமா? (வாசகர், சோழிங்கநல்லூர்)

பதில்: தாங்கும். பி.டி.கே. என்பது போர்ஷேயின் தானாகக் கியர் மாற்றும் கியர்பாக்ஸ். அதன் இரட்டைக் கிளட்சுகள் எண்ணெயில் நனைந்தபடி இயங்குபவை. உலர்ந்த கிளட்ச் உள்ள கார்களைவிட வெப்பத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பிரேக்கைப் பாதி விட்டு அங்குலம் அங்குலமாக ஊர்வதுதான் கிளட்சை வழுக்கவைத்துத் தேய்க்கிறது. முன்னால் இரண்டு கார் நீளம் இடைவெளி வரும்வரை பிரேக்கை முழுமையாக அழுத்தி நில்லுங்கள். பின்பு தயங்காமல் நகர்ந்து, மீண்டும் முழுமையாக நில்லுங்கள். அந்த இடைவெளியில் ஆட்டோக்கள் நுழையும், நுழையட்டும். மேம்பாலச் சரிவில் ஆக்சிலரேட்டரால் காரைப் பிடித்து நிறுத்துவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

இன்னொன்று. ரேடியேட்டர்கள் இந்தக் காரின் முன்பக்க பம்பருக்குள் இரு ஓரங்களிலும் இருக்கின்றன. அவற்றின் முன்னால் வேப்பிலையும் காகிதமும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மே மாதத்துக்கு முன் பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். முதல் முறை செய்தபோது என் காரிலிருந்து இரண்டு கைப்பிடி சருகு வந்தது. அதன் பிறகு ஏ.சி.யின் குளிர்ச்சியே வேறாக இருந்தது.

கேள்வி: எனக்கு 2007ஆம் ஆண்டு பாக்ஸ்டர் ஒன்றும், 2010ஆம் ஆண்டு பாக்ஸ்டர் ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன. முதலாவது பல லட்சம் குறைவு. எதை வாங்கலாம்? இரண்டுமே வெளிமாநிலப் பதிவு. (வாசகர், மதுரை)

பதில்: இரண்டாவதை வாங்குங்கள். தோற்றத்தில் அண்ணன் தம்பியாக இருந்தாலும் இரண்டுக்கும் இன்ஜின் வேறு. 1996 முதல் 2008 வரை வந்த பாக்ஸ்டர்களின் இன்ஜினுக்குள் இடைத்தண்டு ஒன்று சுழல்கிறது. அதன் ஒரு முனையைத் தாங்கும் பேரிங் தேய்ந்து உடைந்தால் இன்ஜின் முழுவதும் போய்விடும். எல்லாக் கார்களிலும் அது நடப்பதில்லை. 2006க்குப் பின் வந்த பெரிய பேரிங் முந்தையதைவிட உறுதியானதும்கூட. ஆனால் அந்தப் பெரிய பேரிங்கை இன்ஜினைப் பிளக்காமல் மாற்ற முடியாது. உங்கள் 2007ஆம் ஆண்டுக் கார் இந்த வகையில் வருகிறது. 2009 மாடலிலிருந்து வந்த புதிய இன்ஜினில் அந்த இடைத்தண்டே கிடையாது. பி.டி.கே. கியர்பாக்ஸும் பாக்ஸ்டருக்கு அப்போதுதான் வந்தது. மதுரையிலிருந்து இந்த வேலை தெரிந்த பட்டறைக்குக் காரை லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து எண்ணினால், அந்தப் பல லட்சம் லாபமாகத் தோன்றாது.

காரைப் பார்க்கச் செல்லும்போது, முந்தைய இரவிலிருந்து ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் நிமிடத்தில் எழுப்பும் சத்தத்தில் அதன் உடல்நிலை தெரிந்துவிடும். போர்ஷேவுக்கான ஸ்கேனரை இணைத்தால், இன்ஜின் எத்தனை முறை அளவுமீறிச் சுழன்றது என்பதை ஆறு படிகளாகப் பிரித்து, கடைசியாக அது நடந்தபோது இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருந்தது என்பதையும் சேர்த்துக் காட்டும். கையால் கியர் மாற்றும் காரென்றால், தவறான கியரில் விழுந்து இன்ஜின் அலறியதற்கான சாட்சி அது. அந்த அறிக்கையின்றி நான் வாங்க மாட்டேன்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். குறைவாக ஓடிய காரின் டயர் தேய்மானத்தால் அல்ல, வயதால் கெடுகிறது. ரப்பர் இறுகி, மழைநாளில் பிடிப்பை இழக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். பத்து ஆண்டுகளைக் கடந்தது எப்படித் தோன்றினாலும் குப்பைக்குத்தான். பின் சக்கரத்தின் உள்விளிம்பைக் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சாய்கோணத்தால் அங்கேதான் முதலில் தேயும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. முன் டயரும் பின் டயரும் வெவ்வேறு அளவு என்பதால் இடம் மாற்றிப் போட்டுச் சமாளிக்கவும் முடியாது.

பதிவைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவின்படி, 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வாகனத்துக்கு அந்த மாநிலத்தின் பதிவெண் வாங்கியாக வேண்டும். விற்பவர் ஆர்.டி.ஓ.விடமிருந்து தடையில்லாச் சான்றும், கடன் இருந்திருந்தால் வங்கியின் சான்றும் வாங்கித் தந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். இங்கே கட்ட வேண்டிய சாலை வரியை முன்கூட்டியே கேட்டறிந்து காரின் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சைலன்சரை மாற்றிச் சத்தத்தைக் கூட்ட விரும்புகிறேன். உங்கள் கருத்து? (வாசகர், திருச்சி)

பதில்: வேண்டாம். தயாரிப்பாளர் குறிப்பிட்ட நிலைக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் அதைச் சுட்டிக்காட்டும். மேலும், இரவு பதினொரு மணிக்குக் கைக்குழந்தை தூங்கும் தெருவுக்குள் நீங்கள் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

கேள்வி: சேலத்திலிருந்து ஏற்காடு அருகில் இருந்தும், குறுகிய சாலையில் காரைக் கொண்டுசெல்லத் தயக்கமாக இருக்கிறது. மலையில் ஓட்டும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்? (வாசகர், சேலம்)

பதில்: தயங்காமல் செல்லுங்கள், இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலை இந்தக் காருக்குப் பொருத்தமான அளவு. எழுபது வளைவுகள் கொண்ட கொல்லிமலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வார நாளில், பனி விலகியவுடன், பேருந்துகள் அதிகமாகும் முன் ஏறுங்கள். ஏறும்போது எவரும் ஓட்டிவிடுவர். இறங்கும்போதுதான் கவனம் தேவை. ஏறிய அதே கியரிலோ அதற்கும் கீழான கியரிலோ, கையால் தேர்ந்தெடுத்து இறங்குங்கள்; கியர்பாக்ஸைத் தானியங்கு நிலையில் விட்டால் அது பெட்ரோலைச் சேமிக்க உயர் கியருக்குத் தாவும், சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழும். பிரேக்கைத் தொடர்ந்து லேசாக அழுத்திக்கொண்டே இறங்கினால் அது ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. நேர்ப்பகுதியில் உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, முழுமையாக விட்டுவிடுங்கள். ஏறிவரும் வாகனத்துக்கு வழிவிடுவது விதி. பேருந்து வளைவில் முழுச் சாலையையும் எடுத்துத்தான் திரும்பும் என்பதால், வளைவுக்கு முன்பே நின்றுவிடுவது நல்லது.

இன்ஜின் நடுவில் இருப்பதால் இந்தக் கார் வளைவில் மிக எளிதாகத் திரும்பும். அந்த எளிமையே ஓட்டுபவரை மயக்கும். வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்னோக்கிச் சாய்ந்து, பின்பக்கம் வழுக்கத் தொடங்கும். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்தவருக்கு அந்த நிலை வராது. காரின் எல்லையை அறிய ஆசையிருந்தால், அதற்கு இடம் மலைச்சாலை அல்ல. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத்தடம் இருக்கிறது. கோயம்புத்தூர் அருகே கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பயிற்சி நாட்களில் பணம் கட்டிச் சென்று, தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் அமர்த்தி ஓட்டுங்கள். வழக்கமான மோட்டார் காப்பீடு பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்பதைப் பாலிசியில் படித்துவிட்டுச் செல்ல வேண்டும்.

கேள்வி: துணிக்கூரை உள்ள கார் மழைக்காலத்தில் சரிவருமா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: கூரையைப் பற்றி அஞ்ச வேண்டாம், வடிகாலைப் பற்றி அஞ்சுங்கள். கூரையில் விழும் நீர், அது மடியும் இடத்தின் இரு ஓரங்களிலும் உள்ள துளைகள் வழியே கீழே வடிகிறது. பூவரச மரத்தடியில் நிறுத்தினால் இரண்டே வாரத்தில் அவை அடைத்துக்கொள்ளும்; பின்பு நீர் உள்ளே இறங்கிக் கம்பளத்தில் தேங்கும். முதல் தலைமுறை பாக்ஸ்டரில் அலாரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி இருக்கையின் அடியிலேயே இருப்பதால், அந்த ஈரம் காரை ஸ்டார்ட் ஆகாமலே செய்துவிடும். அக்டோபர் தொடங்கும் முன் கூரையைப் பாதி திறந்து, அத்துளைகளில் ஒரு குவளை நீரை மெதுவாக ஊற்றி, அது காருக்கு அடியில் வடிகிறதா என்று பாருங்கள். உயரழுத்த நீர்க்குழாயைத் துணியின் தையலுக்கு அருகே பிடிக்காதீர்கள். ஈரமாக இருக்கும்போது கூரையை மடித்து நாட்கணக்கில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

வெள்ளத்தில் நின்ற காரை ஒருபோதும் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னையில் நீரில் நின்றதால் கெட்டவற்றைவிட, நீர் வடிந்ததும் சாவியைத் திருப்பியதால் கெட்ட இன்ஜின்களையே நான் அதிகம் பார்த்தேன். சிலிண்டருக்குள் புகுந்த நீர் சுருங்காது. பிஸ்டன் அதில் மோத, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரணப் பாலிசி இந்தச் சேதத்தை ஏற்காது. இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவைச் சேர்த்து வாங்குங்கள்.

கேள்வி: மூன்று வாரம் வெளிநாடு சென்று திரும்பினேன். பேட்டரி முழுவதும் இறங்கிவிட்டது. பேட்டரி முன்பக்க மூடிக்குக் கீழே இருக்கிறது. மூடியோ மின்சாரத்தில்தான் திறக்கும்! உள்ளூர் மெக்கானிக் நெம்பித் திறக்கலாம் என்கிறார். (வாசகர், திருநெல்வேலி)

பதில்: நெம்பவே வேண்டாம். ரிமோட்டுக்குள் உள்ள உலோகச் சாவியால் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறங்கள். கால் வைக்கும் இடத்தின் பக்கச்சுவரில் ஃபியூஸ் பெட்டி இருக்கும். அதன் மூடியை எடுத்தால், வெளியே இழுக்கக்கூடிய சிவப்பு முனை ஒன்று தெரியும். வேறொரு பேட்டரியின் பாசிட்டிவ் வயரை அதில் மாட்டி, நெகட்டிவ் வயரைக் கதவு பூட்டிக்கொள்ளும் இரும்புக் கொக்கியில் மாட்டுங்கள். அலாரம் அலறும், ரிமோட்டால் நிறுத்திவிட்டு, முன்மூடிக்கான பொத்தானை அழுத்தினால் திறந்துகொள்ளும். அந்த முனை மூடியைத் திறப்பதற்கு மட்டுமே. அதன் வழியாகக் காரை ஸ்டார்ட் செய்ய முயன்றால் வயர் கருகிவிடும். மூடி திறந்ததும் வயர்களைக் கழற்றி, முன்னால் உள்ள பேட்டரியிலேயே நேராகச் சார்ஜரை மாட்டி, முழுமையாக ஏறும்வரை மூடியைச் சாத்தாமல் வைத்திருங்கள். அடுத்த பயணத்துக்கு முன், வீட்டு மின்சாரத்தில் இயங்கி பேட்டரியை நிரம்பிய நிலையிலேயே வைத்திருக்கும் சிறிய சார்ஜர் ஒன்றை வாங்கி, அதன் வயரை மூடியின் ரப்பர் விளிம்பு வழியே வெளியே விட்டு மாட்டிவிட்டுப் புறப்படுங்கள்.